மொட்டை டயரில் இருந்த ரப்பர் எங்கே போயிற்று?

பஞ்சர் கடைக்காரர் டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பட்டன் எல்லாம் போய்விட்டது, மொட்டையாகிவிட்டது" என்று சொல்லும்போது நம் மனம் புது டயரின் விலைக்குத்தான் தாவுகிறது. போன பட்டன் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. காரின் ஒரு டயர், வாங்கி மாட்டிய நாளிலிருந்து கழற்றிப் போடும் நாள் வரை, ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை எடை இழக்கிறது. நான்கு டயருக்கும் சேர்த்துப் பார்த்தால் நான்கு முதல் ஆறு கிலோ ரப்பர். அது ஆவியாகி மறைந்துவிடவில்லை. ஒரு பகுதி சாலையோர மண்ணில் கிடக்கிறது, ஒரு பகுதி மழைநீர் வடிகாலில் இறங்குகிறது, அங்கிருந்து ஓடைக்கும் ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் போகிறது.

டயர் சாலையைப் பற்றிக்கொள்வதால்தான் வண்டி கிளம்புகிறது, திரும்புகிறது, நிற்கிறது. அப்படிப் பற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பரின் மேல்தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் உரிகின்றன. நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது தேய்மானம் குறைவு. பிரேக் போடும்போதும், வளைவில் ஒடிக்கும்போதும், சிக்னல் பச்சையானதும் விருட்டென்று கிளம்பும்போதும் அதிகம். உரிந்த துணுக்கு தனி ரப்பராக இருப்பதும் அரிது. சக்கரத்தின் அழுத்தத்திலும் சூட்டிலும் அது சாலையின் கல்தூளோடும் தாரோடும் சேர்ந்து உருண்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் கல்தூளில் புரட்டியெடுத்த குட்டிச் சுருட்டைப் போல, நீண்டு இரு முனையும் கூம்பித் தெரியும். பல துணுக்குகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. கல்தூள் ஒட்டியிருப்பதால் தண்ணீரைவிடக் கனமானவை. வேகமாக ஓடும் நீரில் அடித்துச் செல்லப்பட்டு, ஓட்டம் தளர்ந்த இடத்தில் சேற்றோடு சேறாகப் படிந்துவிடும்.

ரப்பர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும், டயர் ஒரு நீண்ட மளிகைப் பட்டியலைப் போன்றது. மரத்திலிருந்து எடுத்த இயற்கை ரப்பர், பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர், கறுப்பு நிறமும் வலிமையும் தரும் கரித்தூள், எண்ணெய்கள், ரப்பரை இறுக்கும் கந்தகம், அந்த வேலைக்குத் துணைபோகும் துத்தநாக ஆக்சைடு, இவற்றோடு ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகாமல் காக்கும் சில வேதிப்பொருள்கள் என்று அந்தப் பட்டியல் போகும். செயற்கை ரப்பர் பிளாஸ்டிக்கின் நெருங்கிய உறவினர் என்பதால், டயர்த் துணுக்குகளை நுண்பிளாஸ்டிக்கின் ஒரு வகையாகவே கணக்கிடுகிறார்கள். கடலுக்குள் நுண்துகளாகவே போய்ச் சேரும் பிளாஸ்டிக்கில் 28 விழுக்காடு டயர்த் தேய்மானத்திலிருந்து வருவதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இது மாதிரிக் கணக்கு. துல்லியமாக அளந்து சொன்ன எண் அல்ல. ஆனாலும் பிளாஸ்டிக் என்றதும் கைப்பையையும் உறிஞ்சுகுழாயையும் மட்டும் நினைக்கிற நமக்கு அது ஓர் அதிர்ச்சிதான்.

சாலையின் மேல் டயர்த் துணுக்கு மட்டும் கிடப்பதில்லை. பிரேக் பட்டைகள் தேயும்போது செம்பும் இரும்பும் தூளாக உதிர்கின்றன. என்ஜினிலிருந்து சொட்டும் எண்ணெய், புகையின் கரி, தாரிலிருந்து கசியும் கரிமச் சேர்மங்கள் எல்லாம் அதே பரப்பில் படிகின்றன. இவற்றில் செம்பின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. சால்மன் குஞ்சு ஒன்றை வேறொரு மீன் கடித்துவிட்டால், கிழிந்த தோலிலிருந்து ஒரு வாசனைப் பொருள் நீரில் பரவும். அதை மோந்த மற்ற குஞ்சுகள் அசையாமல் நின்றுவிடும், அதனால் பிழைக்கும். ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம் செம்பு கரைந்திருந்தாலே அந்த மோப்ப சக்தி மங்கிவிடுகிறது. செம்பு அந்தக் குஞ்சைக் கொல்வதில்லை. அதைத் தின்ன வருபவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலமும் கலிபோர்னியாவும் 2010இல் பிரேக் பட்டைகளில் செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் இயற்றியதற்கு நீர்வாழ் உயிர்களைச் செம்பு பாதிக்கிறது என்ற கவலையே காரணம்.

இனி மழைக்கு வருவோம். காட்டிலோ வயலிலோ பெய்யும் மழையின் பெரும்பகுதியை மண் உறிஞ்சிக்கொள்கிறது. தார்ச்சாலையும் சிமெண்ட் தரையும் உறிஞ்சுவதில்லை. விழுந்த நீர் அப்படியே வழிந்தோடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அந்தக் கணக்கில், பத்து மீட்டர் அகலமும் ஒரு கிலோமீட்டர் நீளமும் உள்ள சாலையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நீர் ஓடத் தொடங்குகிறது; 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் எட்டு லாரிக்கும் மேல். வாரக்கணக்கில் மழையில்லாமல் சாலையில் சேர்ந்த அழுக்கையெல்லாம் அது கழுவிக்கொண்டு போகிறது. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் முதல் அரைமணி நேரத்துச் சாலை நீர் தேநீரின் டிகாக்‌ஷனைப் போலக் கறுத்து, மேலே எண்ணெயின் வானவில் நிறம் மிதக்க ஓடுவதைப் பார்க்காதவர்கள் குறைவு.

அந்த நீர் எங்கே போகிறது என்பதில்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதைப் போல, சாலையோரச் சல்லடை மூடி வழியாக இறங்கும் மழைநீரும் எங்கோ சுத்தம் செய்யப்படும் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டையும் ஒரே குழாயில் விடும் பழைய நகரங்கள் சில உண்டு. மற்றபடி பெரும்பாலான இடங்களில் மழைநீர் வடிகால் தனிப் பாதை. அதன் மறுமுனை நேராக ஓடையிலோ ஆற்றிலோ கடலிலோ திறக்கிறது, இடையில் வடிகட்டி எதுவும் கிடையாது. ஒரு தொழிற்சாலையின் கழிவுக் குழாய் ஆற்றில் திறந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், உரிமமும் அபராதமும் இருக்கும். சாலை நீருக்கு அப்படி ஒரு முகவரி கிடையாது. அந்தச் சாலையில் போன ஒவ்வொருவரும் சில மில்லிகிராம் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த முகவரியற்ற நஞ்சில் ஒரு மூலக்கூறு மட்டும் பெயரும் ஊரும் சொல்லிப் பிடிபட்டது. அது அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், சியாட்டில் நகரத்தில் நடந்தது.

சியாட்டில் பியூஜெட் சவுண்ட் என்னும் கடல்நீர்ப் பரப்பின் கரையில் இருக்கிறது. அதில் வந்து விழும் ஓடைகள் ஒரு காலத்தில் கோஹோ சால்மன் மீன்களின் பிறப்பிடம். கோஹோ ஓடையில் பொரிந்து, ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளர்ந்து, கடலுக்குப் போய் ஒன்றரை ஆண்டு போலத் திரிந்து, மூன்று வயதில் பிறந்த ஓடைக்கே திரும்பி முட்டையிட்டுச் சாகும். நகரம் பெருகியபோது ஓடைகள் குழாய்களுக்குள் அடைபட்டன, குப்பை சேர்ந்தன. 1990களில் அவற்றை மீட்கும் வேலை தொடங்கியது. தடைகளை நீக்கினார்கள், கரையில் மரம் நட்டார்கள், முட்டையிடச் சரளைக்கல் படுகை அமைத்தார்கள். கோஹோவும் திரும்பி வந்தது. ஆனால் வந்த மீன் முட்டையிடும் முன்பே செத்தது.

சாகும் விதமும் விசித்திரமாக இருந்தது. நல்ல உடற்கட்டோடு வந்த மீன், மழை பெய்து ஓடை பெருகிய சில மணி நேரத்தில், நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும், பின் வட்டமடிக்கும், துடுப்புகளை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் சாயும், அப்படியே அடங்கிவிடும். பெண்மீனின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் முட்டைகள் அப்படியே இருக்கும். நகரத்து ஓடைகளில் ஆண்டைப் பொறுத்து 40 முதல் 90 விழுக்காடு வரை கோஹோக்கள் இவ்வாறு செத்தன. அதே ஓடையில் அதே நாளில் நீந்திய சம் என்னும் இன்னொரு வகைச் சால்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் ஒரு கொடுமையான கால ஒற்றுமை இருக்கிறது. சியாட்டிலில் கோடை வறண்டது. இலையுதிர் காலத்தில்தான் மழை பிடிக்கும். கடல்முகத்தில் காத்திருக்கும் கோஹோவுக்கு அந்த மழையில் ஓடை பெருகுவதுதான் உள்ளே வா என்ற அழைப்பு. கோடை முழுவதும் சாலைகளில் சேர்ந்த அழுக்கைக் கழுவி ஓடைக்குள் தள்ளுவதும் அதே மழைதான்.

பூச்சிமருந்தா, நோயா, நீரின் வெப்பமா, ஆக்சிஜன் குறைவா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். நெடுஞ்சாலை ஒன்றின் வடிகுழாயில் பிடித்த மழைநீரைத் தொட்டியில் ஊற்றிக் கோஹோவை விட்டபோது, மீன்கள் ஓடையில் கண்ட அதே விதத்தில் செத்தன. எனவே நஞ்சு சாலை நீரில்தான் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. சாலை நீரில் பொதுவாகக் காணப்படும் உலோகங்களையும் எண்ணெய்ச் சேர்மங்களையும் ஆய்வகத்தில் செயற்கையாகக் கலந்து பார்த்தார்கள். மீன் சாகவில்லை. அப்படியானால் அதுவரை யாரும் பட்டியலிடாத ஏதோ ஒன்று அந்த நீரில் இருந்தது.

டயரைச் சுரண்டி எடுத்த துகளை ஊறவைத்த நீரும் அதேபோலக் கொன்றபோது தேடல் குறுகியது. ஆனால் அந்த நீரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஷென்யூ தியான், எட்வர்ட் கோலோட்ஜி, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கிண்டையர் ஆகியோர் அடங்கிய குழு, அந்தக் கலவையைப் பங்கு பங்காகப் பிரித்து, எந்தப் பங்கு மீனைக் கொல்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பிரித்து, இறுதியில் ஒரேயொரு பொருளில் வந்து நின்றது. அதில் 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் இருந்தன. டயர் தயாரிப்புப் பட்டியல் எதிலும் அப்படி ஒரு பொருள் இல்லை. விடுகதையின் முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது: பட்டியலில் 6பிபிடி என்று ஒரு பொருள் இருக்கிறது, அதில் 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். கார்பனும் நைட்ரஜனும் அதே எண்ணிக்கை. இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் வந்திருக்கிறது. அதாவது அந்த நஞ்சு, டயரில் போட்ட பொருள் பின்னர் மாறிய வடிவம். இந்த முடிவு 2020 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வெளிவந்தது.

மாற்றியது யார் என்பதைப் புரிந்துகொள்ள, மொட்டைமாடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பழைய சைக்கிள் டயரை நினைத்துப் பார்க்கலாம். அதை வளைத்தால் பக்கவாட்டில் வறண்ட கண்மாயின் தரையைப் போல வெடிப்பு தெரியும். வெயிலுக்கு அதில் பங்குண்டு. ஆனால் காற்றில் சிறு அளவில் இருக்கும் ஓசோனும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டி இத்தகைய வெடிப்புகளை உண்டாக்குகிறது. வேகமாக ஓடும் வண்டியின் டயரில் அப்படி வெடிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்குக் காவலாகத்தான் 1960களிலிருந்து டயரில் 6பிபிடியைச் சேர்க்கிறார்கள். அது டயரின் உள்ளிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, ரப்பரைத் தாக்க வரும் ஓசோனைத் தான் முந்திக்கொண்டு தாங்கிக்கொள்கிறது. அப்படித் தாங்கிய பின் அது மாறும் வடிவங்களில் ஒன்றுதான் 6பிபிடி-குயினோன். காவல்காரன் தன் வேலையைச் சரியாகச் செய்ததன் விளைவாகவே நஞ்சு பிறக்கிறது. தொழிற்சாலையில் அது உருவாவதில்லை. ஓடும் டயரின் மேலும் உதிர்ந்த துணுக்கின் மேலும், காற்றுப் பட்டு உருவாகிறது. விற்பனைக்கு வரும் பொருளை மட்டும் சோதிக்கும் ஒழுங்குமுறையின் கண்ணில் இது அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் படாமலே போனதற்கு அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நஞ்சின் கடுமை எவ்வளவு? குஞ்சுக் கோஹோக்களில் பாதியை ஒரு நாளுக்குள் கொல்ல ஒரு லிட்டர் நீரில் 95 நானோகிராம் போதும் என்று 2022இல் திருத்திய அளவீடு காட்டியது. நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. முன்பு சொன்ன 12,000 லிட்டர் தண்ணீர் லாரியையே எடுத்துக்கொண்டால், அந்த லாரி முழுவதையும் இந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகப் போட்டால் போதும். எடையில் அது ஓரிரண்டு சர்க்கரைத் துகள். மூளையைக் காக்கும் இரத்தக்குழாய்களின் தடுப்பு கோஹோவில் கசியத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறிகுறி தெரிந்த பின் நல்ல நீருக்கு மாற்றினாலும் மீன் பிழைப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இதைப் படித்துவிட்டு எல்லா மீனையும் டயர் கொல்கிறது என்று சொன்னால் அது தவறு. இதே பொருள் வானவில் டிரவுட், புரூக் டிரவுட் மீன்களைக் கூடுதல் அளவில் கொல்கிறது. சம் சால்மனையும் ஆர்க்டிக் சார் மீனையும் ஒன்றும் செய்வதில்லை. உறவுக்கார இனங்களுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருப்பதால், ஓர் ஆற்றில் என்ன நடக்கும் என்பதை இன்னோர் ஆற்றை வைத்து ஊகிக்க முடியாது. அந்தந்த மீனைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கொடிய நீரைத் திருத்தும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. மூன்று பங்கு மணலும் இரண்டு பங்கு மட்கிய உரமும் கலந்த படுகையில் அதே நெடுஞ்சாலை நீரை ஊற்றி, அடியில் வடிந்ததைப் பிடித்து, அதில் கோஹோவை விட்டுப் பார்த்தார்கள். வடிகட்டாத நீரில் எல்லா மீனும் செத்தன; வடிகட்டிய நீரில் ஒன்றுகூடச் சாகவில்லை. 6பிபிடி-குயினோன் நீரில் இருப்பதைவிட மட்கிய கரிமப் பொருளில் ஒட்டிக்கொள்வதையே விரும்பும் தன்மையுள்ளது. துணுக்குகளையோ மணல் பிடித்துக்கொள்கிறது. சுவையான செய்தி என்னவென்றால், நஞ்சின் பெயர் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சாலையோரத்தில் பள்ளமாக வெட்டி, இந்தக் கலவையை நிரப்பி, மேலே செடி நட்டு, சாலை நீரை அதற்குள் திருப்பிவிடும் மழைத்தோட்டங்கள் இந்த அடிப்படையில்தான் அமைகின்றன. ஒரு நகரத்தின் எல்லாச் சாலைகளுக்கும் அப்படிச் செய்ய இடமும் பணமும் எங்கிருந்து வரும் என்பது வேறு கேள்வி. போக்குவரத்து மிகுந்த சாலையின் நீர் நேராக ஓடையில் விழும் இடங்களை முதலில் தேர்ந்தெடுப்பதுதான் எனக்கு அறிவுள்ள வழியாகத் தோன்றுகிறது.

டயரின் கலவையையே மாற்றுவது மெதுவாக நகர்கிறது. 6பிபிடி சேர்த்த டயரை விற்பவர்கள் பாதுகாப்பான மாற்றுப் பொருள் உண்டா என்று ஆராய்ந்து காட்ட வேண்டும் என்ற விதி கலிபோர்னியாவில் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு யூரோக், புயாலப், போர்ட் கேம்பிள் ஸ்கலாலம் என்னும் மூன்று பழங்குடி மக்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் டயரில் 6பிபிடியைக் கட்டுப்படுத்தக் கோரி மனுக் கொடுத்தார்கள்; நவம்பரில் முகமை அதை ஏற்றது. சால்மன் இந்த மக்களுக்கு உணவும் தொழிலும் சடங்கும் ஆகும். வாஷிங்டன் மாநிலப் பழங்குடிகளுக்கு மீன்பிடியில் பாதிப் பங்கு ஒப்பந்தப்படி உண்டு என்று 1974இல் நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஓடையில் மீனே இல்லாவிட்டால் பாதிப் பங்குக்குப் பொருளில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய யூரோ 7 விதிமுறையில், புகைக்குழாய்க்கு மட்டுமின்றி டயரின் தேய்மானத்துக்கும் பிரேக் தூளுக்கும் முதன்முறையாக வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. மின்சார வண்டி வந்தால் இந்தச் சிக்கல் தீரும் என்று எண்ண வேண்டாம். பிரேக் தூள் குறையும். ஆனால் பேட்டரியின் எடையால் வண்டி கனக்கிறது, அந்தக் கனத்தைச் சுமக்கும் டயரும் தேயத்தான் செய்யும்.

நம் ஊரில் கோஹோ கிடையாது. ஆனால் சென்னையின் மழைநீர் வடிகால்களும் கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும்தான் திறக்கின்றன. சாக்கடை நீரே அங்கு பெரும் சிக்கலாக இருக்கும்போது, டயர்த் துணுக்கின் பங்கு அந்தக் கறுப்புக்குள் கறுப்பாக ஒளிந்துகொள்கிறது. அதை அளக்க நினைப்பவர் நாள்காட்டியைப் பார்த்து மாதம் ஒருமுறை போய் நீர் எடுத்துவந்தால் பயன் குறைவு. சாலையிலிருந்து வரும் பொருள் மழையோடு ஏறி, வெள்ளம் வடிந்ததும் இறங்கிவிடும். ஐப்பசியின் முதல் பெருமழை இரவு இரண்டு மணிக்குப் பிடித்தால், இரண்டரை மணிக்கு வடிகாலின் வாயில் குடையும் பாட்டிலுமாக நிற்கிறவருக்குத்தான் அது அகப்படும்.